பொறி விற்கிற வீட்டில் எலி

போன வாரக் கதையில் தலையணைக்குள்ளிருந்து குதித்த சுண்டெலியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நம் மெத்தைக்காரியும் மறக்கவில்லை. அது குதித்த நேரம் அப்படி. மாணவிகள் விடுதி நடத்தும் அம்மாள், விடுதிக்கு வேண்டிய மெத்தை அத்தனையையும் இவளிடமே தைக்கக் கொடுக்கலாமா என்று பார்க்க வந்து, மாதிரித் தலையணையை மடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார். எலி ஒரு பக்கம் ஓடியது, விடுதி அம்மாள் இன்னொரு பக்கம் ஓடினார். வாசலில் நின்று மூச்சு வாங்கியபடி, நாளை மாலை வந்து முடிவு சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் முடிவு சொல்வதற்குள் வீட்டிலேயே ஒரு முடிவு ஆகிவிட்டது. இரவுச் சாப்பாட்டின்போது மாமனார் அறிவித்தார். நாளை மாலைக்குள் எலி ஒழிய வேண்டும். எலி ஒழியாவிட்டால் பஞ்சு ஒழிய வேண்டும். பஞ்சு ஒழிந்தால் பின்னறை காலியாகிவிடும், சின்னவன் அங்கே தன் பெயின்ட் டப்பாக்களை அடுக்கிக்கொள்ளலாம்.

சின்னவன் என்றால் மெத்தைக்காரியின் கொழுந்தன். அந்தப் பின்னறை மேல் அவனுக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

இதில் அவளுக்கு வயிறு எரிந்த விஷயம் ஒன்று உண்டு. அந்தத் தெருவில் எலிப்பொறி விற்கிற ஒரே கடை இவர்களுடையது. வீட்டின் முன்பாகம் முழுக்க இரும்புச் சாமான் கடை. ஆணி, கீல், பூட்டு, கயிறு எல்லாம் உண்டு. ஆனாலும் ஊருக்கு அது பொறிக்கடைதான். கடைக்கு நேர் பின்னால், ஒரே ஒரு கதவு தள்ளி, அவளுடைய மெத்தை அறை. வருகிறவனுக்கெல்லாம் எலியைப் பிடிக்கப் பொறி கொடுக்கிற குடும்பம், தன் வீட்டு எலிக்கு மருமகளைப் பிடித்தது.

அவள் கணவன், கடையின் பெரியவன், அந்தச் சாப்பாட்டு மேசையில் வாயைத் திறந்தான். சாப்பிடத்தான் திறந்தான்.

விடிந்ததும் சின்னவன் ஓர் அட்டைப்பெட்டி நிறையப் பொறிகளோடு வந்து நின்றான். பலகைப் பொறி, கம்பிக் கூண்டு, புதிதாக வந்திருக்கும் பசை அட்டை என்று ஒரு கல்யாணத்துக்குச் சீர் கொண்டுவந்த மாதிரி பரப்பினான். எலி மருந்தும் எடுத்து வந்திருந்தான். அதை மட்டும் மெத்தைக்காரி தொடவே விடவில்லை. மருந்தைத் தின்ற எலி மெத்தைக்குள் போய்ச் செத்தால் அதன் மேல் யார் படுப்பது, நீ படுக்கிறாயா என்று கேட்டாள். அவன் மருந்தைத் திரும்பப் பெட்டியில் போட்டுக்கொண்டான்.

மற்ற எல்லாவற்றையும் அவள் அறையிலேயே வைத்தான். மூலைக்கு மூலை பொறி. தையல் மெஷினுக்கு அடியில் ஒன்று, பஞ்சு மூட்டைக்குப் பக்கத்தில் ஒன்று, துணி வெட்டும் மேசைக்குக் கீழே ஒன்று. கால் வைக்க இடமில்லை. வீட்டுக்கே ஒரு குற்றவாளி என்று முடிவு கட்டி, அவள் அறையில் மட்டும் போலீஸ் போட்ட மாதிரி இருந்தது.

கடைப் பக்கமும் ஒன்றிரண்டு வைக்கலாமே என்று அவள் கேட்டாள். சின்னவன் அவளைப் பார்த்த பார்வையில் அத்தனை பரிதாபம்.

"அண்ணி, கடையில பொறி வெச்சா பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க? எலிப்பொறி விக்கிற கடையிலேயே எலியான்னு சிரிக்க மாட்டாங்க?"

"எலிக்கு அது தெரியுமா தம்பி?"

"எலி கடைக்கு வராது அண்ணி. கடையில இரும்பு இருக்கு. இங்கதான் பஞ்சு இருக்கு."

எலி என்னமோ இரவில் தலைக்குத் தலையணை தேடி வருகிற மாதிரி பேசிவிட்டுப் போனான்.

அவன் தலை மறைந்ததும் மெத்தைக்காரி கதவைச் சாத்தினாள். சாத்தி, கடைப் பக்கக் கதவுக்குக் கீழே குனிந்து பார்த்தாள். அவளும் சும்மா படுத்துத் தூங்கிவிடவில்லை. துணியில் கோடு போடும் சாக்கட்டியைப் பொடித்து, அறையின் ஓரங்களிலும் கதவடியிலும் நேற்றே மாவு மாதிரி தூவி வைத்திருந்தாள். நீலத் தூள். எது நடந்தாலும் தடம் விழும்.

தடம் விழுந்திருந்தது. கடுகு கடுகாகக் கால் விரல்கள், நடுவே வாலை இழுத்துப்போன கோடு. எல்லாத் தடமும் கடைப் பக்கக் கதவின் கீழ் இடுக்கிலிருந்து கிளம்பி, பஞ்சு மூட்டை வரைக்கும் போய், வந்த வழியே கடைக்குத் திரும்பியிருந்தது. அறையில் வேறு எங்கேயும் எலி வளை இல்லை. அவை அவளுடைய எலிகளே இல்லை. விருந்தாளிகள். வந்து பஞ்சை எடுத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் தங்கள் வீட்டுக்குப் போயிருக்கின்றன.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை நாள் வாங்கிய பேச்சு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அவள் சுத்தமில்லாதவள், அறையைக் கூட்டுவதில்லை, வேலை செய்துகொண்டே தின்கிறாள், துணிக்குள் துணுக்கு விழுகிறது. அவள் அந்த அறையில் தண்ணீர் தவிர எதையும் வாயில் வைத்ததில்லை. மெத்தைத் துணியில் கறை பட்டால் போயிற்று. இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் பேசினார்கள்.

உடனே போய்ச் சண்டை போட்டிருப்பாள். ஆனால் நீலத் தூளைக் காட்டினால் அதையும் நீதான் கையால் வரைந்தாய் என்று சொல்லக்கூடிய கொழுந்தன் அவளுக்கு வாய்த்திருந்தான். இன்னும் கெட்டியாக ஒன்று கையில் வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மெஷினில் உட்கார்ந்தாள்.

மத்தியானத்துக்குள் சின்னவனுடைய பொறிகளின் லட்சணம் தெரிந்துவிட்டது. பஞ்சு பிரித்தால் அறை முழுக்கத் தூசு பறக்கும். பறந்த பஞ்செல்லாம் பசை அட்டை மேல் போய் உட்கார்ந்து, அட்டை ஒரு சின்ன மெத்தையாகிவிட்டது. எலி அதன் மேல் படுத்துப் புரண்டால்கூட ஒட்டாது. பலகைப் பொறி ஒன்று அவள் வெட்டி வைத்திருந்த உறைத் துணியைக் கவ்விக்கொண்டது. கூண்டு திறந்தபடி கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது.

அவள் தன் கையாலேயே ஒரு பொறி செய்தாள். காலியான பால்பவுடர் டப்பாவின் இரண்டு பக்கமும் துளை போட்டு, மெத்தை தைக்கிற நீள ஊசியை அதில் கோத்து, ஆழமான வாளியின் வாயில் குறுக்கே வைத்தாள். தட்டினால் டப்பா கரகரவென்று உருண்டது. டப்பாவின் நடுவில் வேர்க்கடலையை அரைத்துத் தடவினாள். வாளியின் உள்பக்கம் மெஷின் எண்ணெய். ஏறிவரத் துணி அளக்கும் கோலைச் சாய்த்துவிட்டால் தீர்ந்தது. கடலைக்கு ஆசைப்பட்டு டப்பா மேல் கால் வைக்கிற எலி, உருண்டு வாளிக்குள் விழும். விழுந்தாலும் சாகாது, ஏறவும் முடியாது.

சாப்பாட்டு வேளைக்குக் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். மாமனார் மாடிக்குத் தூங்கப் போனார். சின்னவன் சரக்கு எடுக்க வெளியே போனான். மெத்தைக்காரி வாளியோடு கடைக்குள் நுழைந்தாள்.

நீலத் தடம் கடைக்குள் கொஞ்ச தூரம் வந்து, கல்லாவுக்குப் பின்னால் இருந்த அலமாரியின் அடியில் முடிந்தது. எந்த அலமாரி என்று நினைக்கிறீர்கள்? எலிப்பொறி அலமாரி.

அதைச் சுவரிலிருந்து நகர்த்திப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அலமாரிக்குப் பின்னால் ஒரு குடும்பமே குடித்தனம் நடத்தியிருந்தது. அவளுடைய பஞ்சு, அவளுடைய கோடு போட்ட மெத்தைத் துணியின் நூல், எல்லாம் சேர்த்துப் பின்னிய கூடு. கூட்டைச் சுற்றி வறுத்த வேர்க்கடலை. முழுதாக, பாதியாக, தோலாக. நடுநடுவே உடைந்த பென்சில் துண்டுகள்.

பென்சிலைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

மாமனார் பொறி விற்கும் விதம் ஊரறிந்தது. யார் வந்து கேட்டாலும் சும்மா எடுத்துக் கொடுக்க மாட்டார். பலகைப் பொறியை மேசையில் வைத்து, கம்பியை இழுத்து மாட்டி, டப்பாவிலிருந்து ஒரு வேர்க்கடலையை எடுத்து அதன் தட்டில் வைப்பார். வந்தவரை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு ஒரு பென்சிலால் கடலையை மெல்லத் தொடுவார். டப்! பென்சில் இரண்டாக உடையும். தெருவில் போகிறவர்கள்கூட நின்று பார்ப்பார்கள். கடையை மகன்கள் கையில் கொடுத்த பிறகு அவருக்கென்று இருந்த ஒரே வேலை அது.

பென்சில் உடைவதை எல்லோரும் பார்த்தார்கள். கடலை எங்கே போகிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. அது பறந்து அவர் தலைக்கு மேலாக அலமாரிக்குப் பின்னால் போய் விழுந்துகொண்டிருந்தது.

"அதை நகர்த்தாத."

திரும்பினால் கணவன். கையில் துடைப்பமும் முறமும் இருந்தன. அவன் முகத்தில் ஆச்சரியமே இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"உங்களுக்குத் தெரியுமா?"

அவன் தலை குனிந்தான். கொஞ்ச நாளாகவே தெரியுமாம். மத்தியானம் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கைக்கு எட்டுகிற வரை கூட்டி அள்ளிவிடுவானாம். சத்தம் கேட்டு அப்பா இறங்கி வந்துவிடுவார் என்று அலமாரியை நகர்த்தியதில்லை. இப்போதெல்லாம் 'டப்' என்று சத்தம் கேட்டாலே போதும், எலிகள் சாப்பாட்டு மணி அடித்த மாதிரி அடியிலிருந்து மூக்கை நீட்டுகின்றனவாம். இதை அவன் கொஞ்சம் சிரிப்போடுகூடச் சொன்னான். அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கிக்கொண்டான்.

"நேத்து அத்தனை பேச்சு பேசினாங்களே. இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்றது? நீங்க எலிப்பொறி வித்தே எலி வளக்கறீங்கன்னு அப்பாகிட்டச் சொல்லச் சொல்றியா? அவருக்கு அது ஒண்ணுதான் மிச்சம்."

"எனக்கும் அந்த ரூம் ஒண்ணுதான் இருக்கு."

அப்பாவின் மனம் நோகக் கூடாது, தம்பியின் முகம் சுண்டக் கூடாது, கடையின் பெயர் கெடக் கூடாது என்று எல்லோருக்கும் பார்த்துப் பார்த்துச் செய்கிறவன் அவன். எல்லாவற்றையும் இறக்கி வைக்க அவனுக்குக் கிடைத்த இடம் அவள் தலை. நல்லவன் என்று பெயரெடுத்த ஆண்கள் வீட்டில் செய்கிற அநியாயத்துக்கு ஒரு நீதிமன்றமும் கிடையாது.

அவள் கத்தவில்லை. சாயங்காலம் விடுதி அம்மாள் வருவதற்குள் மாமாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், நான் சொன்னால் சண்டையாகிவிடும், நீங்கள் சொன்னால் விஷயம் விஷயமாகப் போகும் என்று கேட்டுக்கொண்டாள். சொல்கிறேன் என்றான். சத்தியமாகவா என்றாள். சத்தியமாக என்றான். எதிரே கிடந்த கடலையைக் கூட்டி ஒரு காகிதத்தில் மடித்து, வழக்கப்படி சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். குப்பையில் போட்டால் அப்பா கண்ணில் படுமாம்.

அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் வாளி கொள்ளும் அளவு தள்ளி வைத்து, அவள் தன் வாளியை அதன் பின்னால் வைத்துவிட்டு வந்தாள்.

சாயங்காலம் எல்லோரும் கடையில் இருந்தார்கள். மாமனார் தன் முக்காலியில், சின்னவன் கல்லாவில், பெரியவன் கயிறு அளந்துகொண்டு. மெத்தைக்காரி நடுக்கதவின் நிலையில் நின்று கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். அதே கயிற்றைத் திரும்பத் திரும்ப அளந்தான்.

மாமனார் அவளைக் கூப்பிட்டு எலி பிடிபட்டதா என்று கேட்டார். இல்லை மாமா என்றாள். அப்படியென்றால் காலையில் மூட்டையைக் கட்டச் சொல்லிவிடு என்று பெரியவனிடம் சொன்னார். அவன் கயிற்றுக்கு முடிச்சுப் போட்டான்.

அந்த நேரத்தில்தான் விடுதி அம்மாள் உள்ளே வந்தார்.

அவர் வந்தது முதலில் மெத்தைக்காக அல்ல. நேற்று மடியில் குதித்த எலியைப் பார்த்த பிறகு, தன் விடுதியின் சமையலறையில் அரிசி மூட்டையை ஓட்டை போடுகிறது யார் என்ற சந்தேகம் அவருக்குத் தீர்ந்துவிட்டதாம். நல்லதாக ஒரு பொறி வேண்டும் என்றார்.

மாமனாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முக்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். பொறியை வைத்தார். கம்பியை மாட்டினார். கடலையை எடுத்தார். விடுதி அம்மாளை ஒரு பார்வை பார்த்தார்.

கயிறு அளந்த கை நின்றுவிட்டதை மெத்தைக்காரி கவனித்தாள். இப்போதாவது சொல்லுங்கள் என்று அவள் மனம் கெஞ்சியது. அவன் உதடு பிரிந்தது, மூடிக்கொண்டது.

டப்!

பென்சில் உடைந்தது. விடுதி அம்மாள் நெஞ்சில் கை வைத்தார். கடலை அலமாரிக்குப் பின்னால் போய் விழுந்தது. அடுத்த நொடி அங்கிருந்து ஒரு டப்பா கரகரவென்று உருளும் சத்தம் வந்தது. அதைத் தொடர்ந்து வாளிக்குள் 'தொப்' என்று ஏதோ விழுந்தது. பிறகு இன்னொரு தொப்.

மெத்தைக்காரி போய் அலமாரியை நகர்த்தி வாளியைத் தூக்கி வந்து மேசை மேல் வைத்தாள். உள்ளே இரண்டு சுண்டெலிகள் எண்ணெயில் வழுக்கி வழுக்கி விழுந்துகொண்டிருந்தன. பின்னாலிருந்த கூட்டையும் கடலையையும் எல்லோரும் பார்க்கும்படி ஒதுங்கி நின்றாள்.

மாமனாரின் முகம் வெளுத்துவிட்டது. சின்னவன்தான் முதலில் சுதாரித்தான்.

"பாத்தீங்களாப்பா, கூடெல்லாம் அண்ணியோட பஞ்சு."

"மெத்தை என்னோடதுதான் தம்பி. சோறு போட்டது யாரு?"

"கடலையை அண்ணியே கொண்டுவந்து போட்டிருக்கலாம். வாளியை வெச்சது அவங்கதானே? கடை சாத்தியிருக்கும்போது அவங்களுக்கு இங்க என்ன வேலை?"

காலையில் அவள் பயந்தது அப்படியே நடந்தது. மாமனார் சின்னவனையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. மூத்த மகனைப் பார்த்தார். பொய் சொல்லாத பிள்ளை என்று அவர் நம்பியது அவனைத்தான்.

"நீ சொல்லுடா. இது உனக்குத் தெரியுமா?"

பெரியவன் கயிற்றுக் கட்டைக் கீழே வைத்தான். அப்பாவைப் பார்த்தான். உடைந்த பென்சில் இன்னும் அவர் கையில் இருந்தது.

"தெரியாதுப்பா."

மெத்தைக்காரி நேராகத் தன் அறைக்குள் போனாள். நீள ஊசிகளைத் துணியில் சுருட்டினாள். கத்தரிக்கோல், அளவு நாடா, நூல்கண்டு, வெட்டி வைத்த உறைகள், எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டி இடுப்பில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். விடுதியில் உட்கார்ந்து தைக்க ஓர் இடம் கிடைக்குமா என்று விடுதி அம்மாளிடம் கேட்டாள். அவர் அங்கே நடந்ததெல்லாம் பார்த்தவர். எங்கள் பெரிய கூடம் காலியாகத்தான் கிடக்கிறது, இப்போதே வா என்றார். பொறியைக் கையில் எடுத்துக்கொள்ளவும் மறக்கவில்லை.

பெரியவன் குனிந்து அவள் மூட்டையைப் பிடித்துத் தடுக்க வந்தான். வந்த வேகத்தில் சட்டைப் பையிலிருந்த காகிதம் நழுவித் தரையில் விழுந்து பிரிந்தது. வேர்க்கடலை நான்கு பக்கமும் உருண்டு ஓடியது. ஒன்று மாமனாரின் முக்காலிக் காலில் முட்டி நின்றது.

மாமனார் குனிந்து அதை எடுத்தார். மகனைப் பார்த்தார். கடலையைப் பார்த்தார். மறுபடி மகனைப் பார்த்தார். எழுபதைத் தாண்டிய மனிதர், அந்த ஒரு கடலையைக் கையில் வைத்துக்கொண்டு திருடிய பிள்ளை மாதிரி நின்றார்.

"எத்தனை நாளாடா?" என்று கேட்டார். பிறகு வாசலைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "அம்மாடி, உள்ள வா. அந்த ரூம் உன்னோடதுதான்."

மெத்தைக்காரி படியில் நின்றாள். அவர் மேல் இருந்த கோபம் அந்தக் குரலைக் கேட்டதும் பாதி இறங்கிவிட்டது. தெரியாமல் செய்தவர் அவர். அந்த இறங்கிய பாதியும் சேர்ந்து வேறோர் ஆள் மேல் ஏறிக்கொண்டது.

"என்னோடதுன்னு எனக்குத் தெரியும் மாமா. இவருக்கு அதாவது தெரியுமான்னு கேளுங்க."

மூட்டையை இறக்கி வைக்காமலே படியிறங்கினாள். விடுதி அம்மாள் பக்கத்தில் நடந்தார். தெருவில் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. கடை முனை தாண்டும்போது, பின்னால் யாரோ அவசர அவசரமாகச் செருப்பு மாட்டிக்கொண்டு ஓடிவரும் சத்தம் கேட்டது. அது கணவனா, மாமனாரா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.